பாம்பன் வெக்கையில் ஹாம்ஸ்டர் பிழைக்குமா?

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பத்து வயசு மகளோட பிறந்தநாளுக்கு மதுரையில ரெண்டு ஹாம்ஸ்டர் வாங்கியாந்தோம். எலி சாதிச் செல்லப்பிராணி, தேன் நிறம், உள்ளங்கை நிறைய இருக்கும். மூணு வாரம் ஒண்ணா ஒரே கூண்டுல நல்லாத்தான் இருந்துச்சு. போன வாரம் ஒண்ணு இன்னொண்ணோட காதைக் கடிச்சு ரத்தம் வந்திருச்சு. பகல் முழுக்கத் தூங்குது. ராத்திரி கூண்டுக் கம்பியைக் கடிச்சு எங்களைத் தூங்கவிட மாட்டேங்குது. மகள் கையையும் ஒரு தடவை கடிச்சிருச்சு. சித்திரை வெயில் வேற வரப்போகுது. நம்ம ஊர்ல இது பிழைக்குமா? முடியலைன்னா காட்டுல விட்டுறலாமா?"

பிழைக்கும் தம்பி. நான் மண்டபத்துக்காரன், பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பன்னிரண்டு வருஷத்தில் ஒன்று மாற்றி ஒன்றாக ஏழு ஹாம்ஸ்டர் எங்கள் வீட்டில் வளர்ந்திருக்கின்றன. அதில் ஒன்றை என் தவறாலேயே இழந்தேன். அதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஆனால் இதை முழுக்கப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். முதலில் எழுந்து போய் இரண்டையும் பிரித்துவிட்டு வாருங்கள். வேறு கூண்டு இல்லாவிட்டால் இன்றிரவுக்கு ஒரு உயரமான பிளாஸ்டிக் வாளி போதும். நிறையக் கிழித்த காகிதம், கொஞ்சம் தீனி, ஒரு துண்டு வெள்ளரிக்காய், ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டி. நீங்கள் சொல்கிற நிறமும் பருமனும் சிரியன் ஹாம்ஸ்டர் என்கிற வகைக்கு உரியவை. அது தனிக்காட்டு ராஜா. கடையில் குட்டியாக இருக்கும்போது கூடப்பிறந்ததோடு ஒட்டிப் படுத்திருக்கும். ஆறு, ஏழு வாரம் தாண்டி வயசுக்கு வந்ததும் ஒரே இடத்தில் இரண்டு இருக்கச் சம்மதிக்காது. காதுக்கடி முதல் எச்சரிக்கை. அடுத்தது வயிற்றுக்குப் பாயும். "சமாதானம் ஆயிரும்" என்று விட்டவர்கள் காலையில் ஒன்றைத்தான் உயிரோடு பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று. இரண்டும் ஆணா பெண்ணா என்று கடைக்காரர் சொன்னாரா? வாலுக்கு அடியில் இருக்கிற இரண்டு துவாரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகமிருந்தால் ஆண், ஒட்டியிருந்தால் பெண். வளர்ந்த ஆணுக்குப் பின்பக்கம் விதைப்பை துருத்திக்கொண்டு தெரியும், வெக்கையில் இன்னும் நன்றாகவே தெரியும். ஜோடியாக இருந்தால் ஒரு வயிறு ஏற்கெனவே நிறைந்திருக்கலாம். கர்ப்பம் வெறும் 16 நாள். எட்டு, பத்துக் குட்டிகள்கூடப் போடும். போட்டுவிட்டால் இரண்டு வாரத்துக்குக் கூண்டைச் சுத்தம் செய்யாதீர்கள், குட்டியைத் தொடாதீர்கள், மகளின் தோழிகளை அழைத்து வந்து காட்டாதீர்கள். தண்ணீரும் தீனியும் மட்டும் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வரவேண்டும். பயந்த தாய் குட்டியைத் தின்றுவிடும். 21 நாளில் பால் மறக்கும், நாலாவது வாரம் முடிவதற்குள் ஆண் பெண்ணைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காவிட்டால் அந்தக் குட்டிகளே குட்டி போடும்.

இந்தப் பிராணி வந்த கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

திருவாடானைப் பக்கம் நெல் அறுத்த பிறகு வயல் வரப்பில் எலி வளை வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மண்வெட்டியால் வளையைப் பிடித்துக்கொண்டே போனால் உள்ளே ஒரு அறையில் கதிர் கதிராக நெல் அடுக்கியிருக்கும். 1930ஆம் ஆண்டு ஏப்ரலில் சிரியாவில் அலெப்போ நகருக்குப் பக்கத்தில் ஒரு கோதுமை வயலில் கிட்டத்தட்ட இதே வேலைதான் நடந்தது. இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் ஆள் வைத்துத் தோண்டினார். எட்டு அடி ஆழத்தில் ஒரு தாயும் பதினொரு குட்டிகளும் கிடைத்தன. பெட்டியில் போட்டதும் அந்தத் தாய் பக்கத்தில் வந்த ஒரு குட்டியின் தலையைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. மிச்சக் குட்டிகளை ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். மரத்தட்டுப் போட்ட கூண்டில் விட்டார்கள். தட்டைக் கடித்து ஓட்டை போட்டுக்கொண்டு சில ஓடியே போய்விட்டன. எஞ்சியவற்றிலிருந்து பெருகிய சந்ததிதான் இன்று உலகம் முழுக்க ஆராய்ச்சிக் கூடங்களிலும் வீடுகளிலும் இருக்கிற சிரியன் ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை. உங்கள் மகளின் இரண்டும் அந்த வளையின் பேரப்பிள்ளைகளாகத்தான் இருக்கும்.

கூண்டைக் கடிப்பது, தன் இனத்தையே கடிப்பது, பயந்தால் குட்டியைக் கொல்வது எல்லாம் ஆரம்பத்திலேயே நடந்திருக்கிறது, கவனித்தீர்களா? உங்கள் வீட்டுக்கு வந்து கெட்டுப்போனது ஒன்றுமில்லை. அந்த எட்டு அடி ஆழத்தையும் மனதில் வையுங்கள். மேலே வெயில் கொளுத்தினாலும் பனி கொட்டினாலும் கீழே குளிர்ச்சியாக, இருட்டாக, தனியாக இருக்கும் இடம் அது. ஹாம்ஸ்டர் வளைக்குள் வாழ்கிற பிராணி. நாம் அதை வெளிச்சத்தில், கம்பிக்கூண்டில், வெறும் தட்டின்மேல் வைக்கிறோம். தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

(இடையில் ஒரு சொல்: சிலர் இதை 'வெள்ளெலி' என்கிறார்கள். நம்ம கிராமத்தாளிடம் வெள்ளெலி என்றால் கரம்பையில் வளை போட்டு வாழ்கிற நீண்ட வால் எலியை நினைத்துக்கொண்டு, "அதைப் போய்க் காசு குடுத்தா வாங்குனே?" என்பார். ஹாம்ஸ்டருக்கு வால் மிளகாய்க்காம்பு அளவுதான். நான் ஹாம்ஸ்டர் என்றே சொல்லிவிடுகிறேன்.)

இனி வெயில். நம்ம கரைக்கு இதுதான் தலையாய விஷயம்.

ஹாம்ஸ்டருக்குச் சுகமான வெப்பம் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். 30ஐத் தாண்டினால் தவிக்கும். நமக்கோ மே மாதம் பாம்பனில் ராத்திரியில்கூட அந்த 24க்கு இறங்குவதே அபூர்வம். மதுரை வெயில் நம்மைவிடக் கடுமை, ஆனால் அங்கே காற்று உலர்ந்திருக்கும். இங்கே கடல்காற்றில் ஈரம். இந்த வித்தியாசத்தால் ஊருக்குள் புழங்குகிற யோசனைகளில் இரண்டு இங்கே பலிக்காது.

ஒன்று, மின்விசிறி. நமக்கு வியர்க்கிறது, காற்றுப் பட்டால் வியர்வை ஆவியாகி உடம்பு குளிர்கிறது. ஹாம்ஸ்டருக்கு வியர்க்காது. விசிறி அடித்தால் வெந்த காற்றுதான் அதன்மேல் அடிக்கும், கண் வேறு காயும். அறைக்குள் காற்றோட்டம் இருந்தால் போதும், விசிறியைக் கூண்டுக்கு நேரே திருப்ப வேண்டாம். இன்னொன்று, கூண்டைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டுவது. உலர்ந்த ஊரில் சாக்கு ஈரம் ஆவியாகிக் குளிரும். இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் சாக்கு காயாது, குளிரவும் செய்யாது. உள்ளே புழுக்கமும் பூஞ்சையும்தான் மிச்சம்.

பலிப்பது என்ன? முதலில் இடம். மாடியில் வேண்டாம். தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பன்னிரண்டு மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் வேண்டவே வேண்டாம். கீழ்த்தளத்தில், மேற்கு வெயில் படாத உள்ளறையில், தரையை ஒட்டி வையுங்கள். சிமெண்டுத் தரையும் பழைய சிவப்புத் தரையும் குளிர்ச்சி. அடுத்து, கூண்டுக்குள் ஒரு சின்ன மண் பூந்தொட்டியையோ வாய் அகன்ற மண் கலயத்தையோ படுக்கவைத்து, மேலே காகிதக் குவியலால் மூடிவிடுங்கள். அது வளை. பகல் முழுக்க அதற்குள் போய்ச் சுருண்டுகொள்ளும். பக்கத்தில் ஒரு தரை ஓடு. அதன்மேல் வயிற்றைப் பரப்பித் தோசை மாதிரி கிடக்கும். கண் திறந்து, கூப்பிட்டால் காது அசைந்தால் பயப்பட வேண்டாம், சூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கத்திரி வெயில் நாளில் மண் தொட்டி மட்டும் போதாது. அரை லிட்டர் பாட்டிலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி உறையவைத்து, துணியில் சுற்றி, காலை பதினொரு மணிக்குக் கூண்டுக்கு வெளியே ஒட்டி ஒரு ஓரத்தில் வையுங்கள். உள்ளே வைத்தால் பாட்டிலைக் கடித்து ஓட்டை போடும், படுக்கை நனையும். ஒரு ஓரத்தில் மட்டும் என்பது முக்கியம். குளிர் வேண்டுமா வேண்டாமா என்பதை அதுவே தீர்மானிக்கட்டும். மூன்று மணி நேரத்துக்கொருமுறை மாற்ற இரண்டு பாட்டில் சுழற்சி. வீட்டில் ஏ.சி. இருந்தால் 26ல் வைத்து, காற்று நேராகப் படாத மூலையில் கூண்டை வையுங்கள். கரண்டு போகும் ஊரில் பாட்டிலும் தயாராக இருக்க வேண்டும்.

வெப்பத்தாக்கு வந்துவிட்டால் எப்படித் தெரியும்? தோசை மாதிரி கிடப்பதோடு நிற்காது. மூச்சு படபடவென்று அடிக்கும், தாடை எச்சிலால் நனைந்திருக்கும், எழுப்பினால் தள்ளாடும். எங்கள் தெருப் பையன் ஒருவன் இப்படிக் கிடந்த தன் ஹாம்ஸ்டரைப் பார்த்துவிட்டு, ஏதோ வெளிநாட்டு வீடியோவில் சொன்னபடி அதைக் கம்பளித் துணியில் சுற்றி வெயிலில் காட்டினான். அந்த வீடியோ குளிர்நாட்டுக்காரர்களுக்கானது. அங்கே அறை வெப்பம் 5 டிகிரிக்குப் பக்கத்தில் போனால் ஹாம்ஸ்டர் உறக்கநிலைக்குப் போய்ச் செத்ததுபோலக் கிடக்கும், மெல்லச் சூடு காட்டினால் எழும். பாம்பனில் அப்படி ஒரு குளிர் மார்கழியிலும் கிடையாது. நம்ம ஊரில் துவண்டு கிடக்கிற ஹாம்ஸ்டருக்குச் சூடு காட்டவே காட்டாதீர்கள். நிழலான இடத்துக்கு மாற்றி, சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காது, பாதம், வயிறு மூன்றையும் ஒற்றுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது. நினைவிருந்தால் விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வாயருகே காட்டலாம், ஊற்றக் கூடாது. தெளிந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அந்தப் பையனுடையது தப்பவில்லை.

பிளாஸ்டிக் பந்துக்குள் போட்டுத் தரையில் உருட்டிவிடுகிற விளையாட்டுச் சாமானையும் கடையில் தலையில் கட்டியிருப்பார்களே? தூக்கிப் போடுங்கள். நம்ம வெக்கையில் அது மூடிபோட்ட இட்லிப் பானை.

வெயிலுக்கு அடுத்தது உப்பு. கம்பிக்கூண்டு நம்ம கரையில் ஆறு மாதம் தாங்காது. சைக்கிள் செயினுக்கு என்ன கதியோ அதே கதிதான். துருவேறிய கம்பியை அது ராத்திரியெல்லாம் கடிக்கும். பழைய மீன்தொட்டி கிடைத்தால் வாங்குங்கள். கடைசியாக நான் வைத்திருந்தது அதுதான். தண்ணீர் கசிகிறது என்று யாராவது கழித்துக்கட்டுவார்கள், நமக்குக் கசிந்தால் என்ன? இல்லையென்றால் பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் மூடியை வெட்டி வலை அடித்துக்கொள்ளலாம். தரைப்பரப்பு 100 செ.மீ.க்கு 50 செ.மீ. இருக்கவேண்டும். கடையில் கொடுக்கிற மாடி மாடியான கலர்க்கூண்டு அதில் கால்வாசிகூட வராது. கம்பியைக் கடிப்பதற்கு முதல் காரணம் அந்த நெருக்கடிதான். பல் வளர்கிறது என்பதால் கடிக்கிறது என்பது பாதி உண்மை. முன்பல் சாகும்வரை வளரும், கடித்துத் தேய்க்க ஏதாவது வேண்டும், அதற்கு நம்மிடம் பனை இருக்கிறது. சாயம் போடாத ஓலைக் கொட்டான் ஒன்றை உள்ளே போடுங்கள், நாலு நாளில் பஞ்சு பஞ்சாக்கிவிடும். ஆனால் ராத்திரி முழுக்க ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது "இடம் போதவில்லை" என்கிற கூப்பாடு. ஓலை போட்டு அடக்க முடியாது. (பல் மஞ்சளாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். ஹாம்ஸ்டருக்கு மஞ்சள்தான் ஆரோக்கியம்.)

தொட்டியின் ஒரு பாதியிலாவது பத்து அங்குலத்துக்குக் காகிதம் நிரப்புங்கள், சுரங்கம் போடும். எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது, பிள்ளைகளின் பழைய நோட்டுகள் மூட்டை மூட்டையாக வீட்டில் கிடந்தன. பின்னைப் பிடுங்கிவிட்டு நாடா நாடாவாகக் கிழித்துப் போடுவேன். அவன்களுக்கு நான் போட்ட பூஜ்யங்களின்மேல் சுகமாகத் தூங்கும். தச்சுப்பட்டறை மரத்தூள் வேண்டாம். எந்த மரம் கலந்திருக்கிறது என்றே தெரியாது, பைன் மாதிரி வாசனை மரத்தூள் அதன் மூச்சுக்கு ஆகாது. உமியில் தூசி, கண்ணில் குத்தும். தலையணை இலவம்பஞ்சைப் பாசமாகப் போடுகிறவர்கள் உண்டு. இழை காலில் சுற்றிக்கொண்டால் விரலே அழுகிவிடும், விழுங்கினால் குடல் அடைக்கும். தேங்காய்ச் சிரட்டையில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தால் அருமையான குடிசை, நாரை மட்டும் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள்.

குளிக்க வைக்கலாமா என்று மகள் கேட்பாள். தண்ணீரில் கூடாது. ஒரு கிண்ணத்தில் மணல் வைத்தால் அதுவே புரண்டு எண்ணெய்ப் பசையைப் போக்கிக்கொள்ளும். வீட்டு வாசலிலேயே மணல் கிடக்கிறது என்று கடற்கரை மணலை அள்ளாதீர்கள், உப்பும் சிப்பித் தூளும் கலந்தது அது. ஆற்றுமணலைச் சலித்து, நாலு தண்ணீரில் அலசி, வாணலியில் வறுத்து ஆறவைத்தது போதும்.

சக்கரம் கட்டாயம் வேண்டும். காட்டில் தீனி தேடி ஓடுகிற ஓட்டத்தைத்தான் சக்கரத்தில் ஓடித் தீர்க்கிறது, ஒரே ராத்திரியில் பல கிலோமீட்டர். சிரியனுக்குக் குறுக்களவு 28 செ.மீ. அளவில் இருந்தால் நல்லது, ஓடும்போது முதுகு நேராக இருக்க வேண்டும். முதுகு வளைந்து வில்லாகத் தெரிந்தால் சக்கரம் சிறியது. கம்பிப் படி வைத்த சக்கரத்தில் கால் மாட்டி ஒடியும், தட்டையான ஓடுபாதை உள்ளதாகப் பாருங்கள். அச்சில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் கிறீச்சும் நிற்கும். தொட்டியை மகள் படுக்கிற அறையிலிருந்து மாற்றிவிடுங்கள். பகலில் தூங்குவது அதன் இயல்பு, எழுப்பிக் கொஞ்சினால் கடிதான் கிடைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நான் பட்டதைக் கேளுங்கள். எங்கள் முதல் ஹாம்ஸ்டருக்கு மகள் 'சுண்டல்' என்று பெயர் வைத்திருந்தாள். முதல் நாளே ஒரு கைப்பிடி வேகவைத்த கடலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "அப்பா, இதுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருச்சு!" என்று அவளை அலற வைத்தது. (கன்னப்பை தோள்பட்டை தாண்டிப் பின்னால் வரை போகும். ஜெர்மன் மொழியில் பதுக்கி வைப்பதற்கு 'ஹம்ஸ்டெர்ன்' என்றே வினைச்சொல் உண்டு.) அதன் தண்ணீர் பாட்டில் இரண்டு நாளாகக் குறையவில்லை. வெள்ளரிக்காய் தின்கிறதே, அதனால் தாகமில்லை என்று நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் சுண்டலின் கண் உள்ளே போயிருந்தது, முதுகுத்தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது. பாட்டில் குழாயைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கிற இரும்புக் குண்டு அசையவில்லை. நம்ம போர்த் தண்ணீரின் உப்பு படிந்து குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு தட்டில் தண்ணீர் வைத்ததும் அது தலையை எடுக்காமல் குடித்ததை இன்றும் மறக்கவில்லை. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குகிறீர்களே, அந்தக் குடிதண்ணீரையே அதற்கும் வையுங்கள். நூறு கிராம் எடைக்கு நாளுக்குப் பத்து மில்லிதான் குடிக்கும், ஒரு குடம் அதன் ஆயுசுக்கே காணும். தினமும் காலையில் விரலால் அந்தக் குண்டைத் தட்டிப் பாருங்கள், ஒரு சொட்டு வரவேண்டும். கூடவே ஒரு கனமான பீங்கான் கிண்ணத்திலும் தண்ணீர் இருக்கட்டும்.

எறும்பு. தீனி இருக்கிற இடத்துக்கு அது வந்தே தீரும், குட்டி போட்ட கூண்டுக்குள் நுழைந்தால் குட்டிகளை மொய்த்துவிடும். அந்தக் காலத்துச் சாப்பாட்டு அலமாரியின் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்போமே, அதே வைத்தியம்தான். தொட்டியைக் குட்டையான பலகைமேல் ஏற்றி நாலு காலுக்கும் கிண்ணம். எறும்புச் சாக்பீஸ் கோடு போடாதீர்கள், அது பூச்சிமருந்து. கொசுவத்திப் புகையும் அந்த அறையில் வேண்டாம், தொட்டிமேல் கொசுவலைத் துணி போதும். வலை இருந்தால் பல்லியும் எட்டிப் பார்க்காது.

தீனிக்கு அலைய வேண்டாம். தினை, சாமை, கம்பு, கோதுமை, கொஞ்சம் ஓட்ஸ் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். சிரியனுக்கு ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது பத்துப் பன்னிரண்டு கிராம். சூரியகாந்தி விதை தின்பண்டம், நாளுக்கு இரண்டு மூன்று. அதைத் தனியாகக் கொடுத்துப் பழக்கினால் மற்றதைத் தொடாமல் கொழுத்துப்போகும். வாரத்தில் இரண்டு நாள் அவித்த முட்டையில் சுண்டுவிரல் நக அளவு. கேரட், வெள்ளரி, கொத்தமல்லி கொஞ்சம், ராத்திரி கொடுத்ததன் மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும். அது வளைக்குள் பதுக்கியிருக்கும், தேடி எடுங்கள், இந்தப் புழுக்கத்தில் ஒரே பகலில் அழுகும். ஆனால் பதுக்கிய தானியத்தை முழுசாக அள்ளிவிடாதீர்கள். சொத்தைக் களவு கொடுத்தவன் மாதிரி அலையும், அப்புறம் கையைக் கண்டாலே பாயும். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை ஆரஞ்சு வகை, பச்சை உருளைக்கிழங்கு, சாக்லேட், மிக்சர் எதுவும் கூடாது. புரதம் என்று கருவாடு போடுகிறார்கள் நம்ம பக்கம், உப்பே அதைக் கொன்றுவிடும். மழைக்காலத்தில் நமுத்துப் பூசணம் பிடித்த நிலக்கடலையும் விஷம்.

கடிப்பது பற்றி. ஹாம்ஸ்டருக்குக் கண் மங்கல், மூக்குதான் கண். மீன் ஆய்ந்த கையோடு போய் நீட்டினால் அதற்கு அது தீனி. முதலில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். மேலிருந்து கையை இறக்கினால் பருந்து இறங்குவதாக நினைத்துக்கொள்ளும், அதனால் பக்கவாட்டில், தரையோடு தரையாக. முதல் வாரம் தொடாமல் பேசிக்கொண்டு மட்டும் இருக்கலாம். அடுத்த வாரம் திறந்த உள்ளங்கையில் ஒரு விதை. அது தானாக ஏறி உட்கார்ந்து கன்னத்தை நிரப்பும் நாள் வரும், எங்கள் வீட்டில் ஒன்றுக்கு ஐந்து நாள் ஆனது, இன்னொன்றுக்கு ஒன்றரை மாதம். அவசரமாகத் தூக்கவேண்டுமென்றால் காப்பி டம்ளரைப் படுக்கவைத்து உள்ளே நடக்கவிட்டுத் தூக்குங்கள். மகளைத் தரையில் உட்காரவைத்தே கையில் கொடுங்கள். உயரம் என்பது அதற்குப் புரியாது, மேசை விளிம்பில் நடந்துகொண்டே போய்க் கீழே விழும். மல்லாந்து பல்லைக் காட்டிக் கீச்சிட்டால் பயம், அப்போது விட்டுவிட வேண்டும். கொட்டாவி விட்டு உடம்பை நீட்டினால் உங்களை நம்பிவிட்டது. தன் புழுக்கையையே எடுத்துத் தின்பதைப் பார்த்து மகள் முகம் சுளித்தால், சத்தை இரண்டாம் தடவை எடுத்துக்கொள்கிறது என்று சொல்லுங்கள்.

நோய் என்று வந்தால் நேரம் குறைவு. குட்டி ஹாம்ஸ்டருக்கு வாலைச் சுற்றி நனைந்து நாற்றமடித்தால் அது ஈரவால் நோய், கடுமையான பேதி. இரண்டு மூன்று நாளில் ஆளை முடித்துவிடும். புது வீடு, பஸ் பயணம், நெருக்கடி இந்த அலைச்சலில்தான் பெரும்பாலும் வரும். அன்றைக்கே மருத்துவர். நம்ம பக்கக் கால்நடை மருந்தகங்களில் ஆடு மாடுதான் அதிகம் வரும், அதனால் போகுமுன் போனில் கேளுங்கள். சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதிக்கொண்டு போங்கள், நூற்றைம்பது கிராம் பிராணிக்கு மருந்துக் கணக்கு எடையை வைத்துத்தான். இதில்தான் நான் தவறினேன். எங்கள் 'கடுகு'வுக்குக் கன்னத்தில் சீழ் கட்டியது. மருத்துவரிடம் போகச் சோம்பல்பட்டு, ஒரு மருந்துக்கடையில் குழந்தைகளுக்குக் கொடுக்கிற அமாக்சிசிலின் சிரப்பை வாங்கி, நானே கணக்குப் போட்டு இரண்டு சொட்டுக் கொடுத்தேன். பென்சிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டரின் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளைக் கொன்று விஷக்கிருமிக்கு இடம் கொடுத்துவிடும். விலங்கியல் படித்தவன், எனக்கு அது தெரியவில்லை. மூன்றாம் நாள் கடுகு பேதியிலேயே போனது. மருத்துவரே எழுதினாலும் "இது பென்சிலின் வகையா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தப்பாக நினைக்கமாட்டார். காதில் கடிபட்டதற்கு இப்போதைக்கு உப்புத்தண்ணீரால் துடைத்தால் போதும், வீங்கினால் காட்டுங்கள்.

காட்டில் விடலாமா என்று கேட்டீர்கள். கூடாது. தேன் நிறத்தில் ஒன்று உடைமரக் காட்டில் ஓடினால் முதல் ராத்திரியே பூனைக்கோ ஆந்தைக்கோ இரை, தப்பினால் அடுத்த நாள் வெயில். வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்துக்கும் விட்டுவிட்டு வருவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் ஹாம்ஸ்டரைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள், கடைக்குப் பதிவு வேண்டும். அடுத்த முறை மதுரை போனால் அந்தக் கடைக்காரரிடம் பதிவுச் சான்று கேட்டுப் பாருங்கள், இரண்டை ஒரே கூண்டில் போட்டுக் கொடுத்ததற்கு என்ன சொல்கிறார் என்றும்.

இரண்டாவதுக்குத் தொட்டி அமையவில்லையென்றால் சொல்லுங்கள். எங்கள் ஏழாவது ஹாம்ஸ்டர் போன தை மாசம் இரண்டேகால் வயசில் தூக்கத்திலேயே போய்விட்டது, அதன் மீன்தொட்டி மாடிப்படிக்குக் கீழே சும்மாதான் இருக்கிறது. பாலம் தாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மகளையும் கூட்டி வாருங்கள், நோட்டு கிழிக்க ஆள் வேண்டும்.